சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர்?

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் வேளையில் நம் கிராமங்களில் ஒரு புதிய சுறுசுறுப்பு தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், என்ன பாடம் எடுப்பது, பஸ் வசதி உண்டா, செலவு எவ்வளவு ஆகும் என்பனவே திண்ணைதோறும் பேச்சு. பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி வந்ததும் பெற்றோர் நிம்மதி அடைகின்றனர், ஊராரும் மகிழ்கின்றனர். அத்துடன் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் சென்ற பின்னர் அந்தப் பையன் பட்டம் பெற்றானா என்று கேட்பாரைக் காண்பது அரிது.

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தை நம்பிப் பயிர் செய்யும் உழவர் பெருமக்கள் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். திருமூர்த்தி அணையிலிருந்து வாய்க்காலில் விடப்படும் தண்ணீரின் அளவு வேறு. கடைமடைத் தோட்டத்திற்கு வந்து சேரும் தண்ணீரின் அளவு வேறு. இடையில் உடைப்பும் கசிவும் இருக்குமானால், தலைமடையில் எவ்வளவு திறந்துவிட்டும் பயனில்லை. கல்வியின் கதையும் இதுவே. கல்லூரியில் சேர்ந்தோர் கணக்கு தலைமடைக் கணக்கு. படித்து முடித்தோர் கணக்குத்தான் கடைமடைக் கணக்கு. இவ்விரண்டுக்கும் இடையே எங்கெங்கே கசிவு ஏற்படுகிறது, அதனை அடைக்க ஊராட்சியும் பெற்றோரும் செய்யக் கூடியது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சமுதாயக் கல்லூரி என்பது யாது?

நெடுந்தூரம் செல்ல இயலாதவர்களுக்கும், முழுநேரம் படிக்க வசதி இல்லாதவர்களுக்கும், உள்ளூர்த் தொழிலோடு இணைந்த படிப்பைக் குறைந்த செலவில் தருவதற்காக ஏற்பட்டதே சமுதாயக் கல்லூரி. இம்முறை அமெரிக்க நாட்டில் தோன்றியது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி இவ்வகையில் முன்னோடியாகும். அங்கே ஈராண்டு படித்துவிட்டு, அப்படிப்பின் மதிப்போடு ஒரு பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்று, மேலும் ஈராண்டு படித்துப் பட்டம் பெறலாம். தொழில் மட்டும் போதும் என்பவர் ஈராண்டோடு நின்று வேலைக்குச் செல்லலாம்.

நம் நாட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ஆம் ஆண்டில் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மறு ஆண்டில் சென்னையிலும் ஒன்று தோன்றியது. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் ஏழை மகளிருக்கும் கைத்தொழிலும் வாழ்க்கைத் திறனும் கற்பிப்பதே இவற்றின் நோக்கமாக இருந்தது. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடெங்கும் இத்தகைய கல்லூரிகளை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் 2012-இல் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2013-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புதிய திட்டத்தை வகுத்து, ஏற்கெனவே இயங்கிவரும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிப் படிப்புகளை நடத்த உதவி அளித்தது. 2014-இல் பி.வோக். எனப்படும் தொழிற்கல்விப் பட்டப் படிப்பும் வந்தது.

பி.வோக். படிப்பின் அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். ஓராண்டு முடித்தவருக்கு டிப்ளமோ. ஈராண்டு முடித்தவருக்கு உயர்நிலை டிப்ளமோ. மூன்றாண்டு முடித்தவருக்குப் பட்டம். சாதாரணமான பி.ஏ., பி.காம். வகுப்பில் ஈராண்டு படித்துவிட்டு நின்றவர் கையில் மதிப்பெண் பட்டியல்கள் மட்டுமே மிஞ்சுவது வழக்கம். இம்முறையிலோ, ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. கிணற்றுப் படிக்கட்டில் இடையிடையே நின்று இளைப்பாற மேடை கட்டியது போன்றது இது.

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

நல்ல ஏற்பாடு இருந்துவிட்டால் மட்டும் போதுமா? நூறாண்டுகளுக்கு மேல் இம்முறையை நடத்திவரும் அமெரிக்காவின் அனுபவத்தை நாம் அறிந்துகொள்வது பயன் தரும். அங்கே சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவர்களில் 100-க்கு ஏறத்தாழ 80 பேர் பட்டம் பெறும் நோக்கத்துடனேயே சேர்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவரே பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்றனர். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்களோ 100-க்கு 16 பேர்தாம்.

காரணம் என்ன? மாணவர்களின் அறிவுக் குறைவு அன்று. வேலை, குடும்பப் பொறுப்பு, பணமுடை ஆகியவற்றோடு, கல்லூரி மாறும்போது முன்னர் படித்த படிப்பை அடுத்த கல்லூரி ஏற்றுக்கொள்ளாமையும் பெருங்காரணமாகும். அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறிய மாணவர்கள் தாம் பெற்றிருந்த பாட மதிப்பில் சராசரியாக 100-க்கு 43 பங்கை இழந்தனர் என்று மதிப்பிட்டது. ஒருமுறை படித்ததையே பணம் கட்டி மறுமுறை படிக்க நேர்ந்தால் யாருக்குத்தான் மனம் தளராது?

நம் மாநிலத்தின் நிலையைப் பார்ப்போம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுவதற்கும் 28.4. இது பெருமைக்குரிய நிலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது 18 முதல் 23 வயது வரையிலான மக்கள் தொகையோடு சேர்ந்தோர் தொகையை ஒப்பிட்டுக் கூறும் கணக்கு என்பதை மறத்தலாகாது. இதுவும் தலைமடைக் கணக்கே. கடைமடைக் கணக்கை எடுக்க வேண்டிய இடம் நம் ஊர்.

திருப்பூர் வட்டாரத்தில் கசிவு எங்கே?

திருப்பூர் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி 1966 முதல் நடைபெறுகிறது. எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் உடுமலை அரசு கலைக் கல்லூரியும் 1971-இல் தோன்றின. அவிநாசி, பல்லடம், காங்கயம் ஆகிய ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. பின்னலாடைத் தொழிலுக்கென்றே முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர்கள் ஏற்படுத்திய கல்லூரி 1997 முதல் இயங்கி வருகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் இடையில் நிற்போர் இருப்பது ஏன்?

முதற் காரணம், வேலை எளிதில் கிடைப்பது. வேறு மாவட்டங்களில் படிப்பை விட்ட பையன் வேலையின்றித் திரிவான். இங்கோ, படிப்பை விட்ட மறுநாளே பனியன் கம்பெனியில் கைமடிக்கவோ செக்கிங் பார்க்கவோ அழைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை தோறும் சம்பளம் கைக்கு வரும். ஓவர்லாக் மிஷினில் அமரக் கற்றுவிட்டால் கூலி இன்னும் உயரும். ஒன்றரை ஷிப்ட் வேலை செய்து இரவு எட்டு மணிக்குமேல் வீடு திரும்பும் இளைஞன், மறுநாள் காலையில் புத்தகத்தைத் தொடுவது எங்ஙனம்? விடுமுறையில் ஒரு மாதம் வேலை என்று தொடங்குவது, கல்லூரி திறந்த பின்னும் தொடர்கிறது. வருகைப் பதிவு குறைகிறது, தேர்வு எழுத அனுமதி கிடைப்பதில்லை, படிப்பு நின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம், குடிபெயர்ச்சி. தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். வாடகை வீடு மாறும்போதும், சொந்த ஊருக்குத் திரும்பும்போதும் பிள்ளைகளின் படிப்பு அறுந்துவிடுகிறது. ஓரிடத்தில் படித்ததை மற்றோரிடத்தில் தொடர வழியுண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது காரணம், பெண் மக்களைப் பற்றியது. கலியாணச் செலவுக்கு ஒரு தொகை சேரும் என்ற நம்பிக்கையில், மூன்றாண்டுக் கணக்கில் நூல்மில் விடுதிகளுக்குப் பெண்களை அனுப்பிய காலத்தை நாம் அறிவோம். ஒரு பட்டப் படிப்பு முடிவதற்கும் அதே மூன்றாண்டுகளே தேவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மில்லிலிருந்து பெற்று வரும் தொகை கலியாணத்தோடு கரைந்துவிடும். பட்டம் வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.

நான்காவது காரணம், தோற்ற பாடங்கள். ஒன்றிரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறாமல் மூன்றாண்டு முடித்து வெளியேறுவோர் பலர். அரியர் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து வேலைக்குச் செல்கின்றனர். பிறகு எழுதுவதே இல்லை. களத்து மேடு வரை வந்த கதிரை அடிக்காமல் விட்டது போல் ஆகிறது. அடைப்பதற்கு எளிதான கசிவும் இதுவேயாகும்.

ஏணிப்படிகளை அறிந்துகொள்வோம்

பத்தாம் வகுப்புக்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பின் பட்டம் என்ற ஒரே பாதைதான் உண்டு என்று எண்ண வேண்டுவதில்லை. வேறு ஏணிகளும் உள்ளன.

பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்றவர், பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்கிட்டுப் பாருங்கள். டிப்ளமோ மூன்றாண்டு, பி.இ. மூன்றாண்டு, ஆக ஆறாண்டு. பள்ளியில் ஈராண்டும் பி.இ. நான்காண்டும் படிப்பவருக்கும் ஆறாண்டே ஆகிறது. காலம் ஒன்றே. ஆனால் முதற் பாதையில் செல்பவர் இடையில் நிற்க நேர்ந்தாலும் கையில் டிப்ளமோ இருக்கும்.

பத்தாம் வகுப்பு தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஈராண்டுப் பயிற்சிக்கே இச்சலுகை உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்துத் தையல் வகுப்பு ஓராண்டுப் படிப்பு. அதில் சேரும் பெண்ணுக்குத் தொழில் கிடைக்கும். ஆனால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டின் கதவு அதனால் திறக்காது. இதனைச் சேரும் முன்னரே அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் இராது. மேலும், பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்பின் மொழித் தாள்களை மட்டும் எழுதித் தேறி, மேல்நிலைக் கல்விக்கு இணையான தகுதி பெறவும் தமிழக அரசு வழி செய்துள்ளது.

படிப்பு ஏற்கெனவே நின்றுபோனவருக்கும், வேலையை விட இயலாதவருக்கும் 2002-இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் துணை நிற்கிறது. கம்பெனியில் வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறலாம்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்டறிகிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளையின் மூன்றாண்டு வாழ்வை ஒப்படைக்கும்போது நான்கு கேள்விகளையேனும் கேட்க வேண்டாமா?

முதலாவதாக, இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் தருவது யார்? சமுதாயக் கல்லூரி என்று பலகை மாட்டியிருப்பது மட்டும் போதாது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த அரசுத் துறை அங்கீகரித்துள்ளது, அந்த அங்கீகாரம் இந்த ஆண்டுக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். 2012-இல் ஒரு பெரிய திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டதை மேலே கண்டோம்.

இரண்டாவதாக, இதனை முடித்தபின் மேலே எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் சேரலாம்? மேலே கதவு இல்லாத படிப்பும் பயனுள்ளதாக இருக்கலாம். ஆனால் கதவு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

மூன்றாவதாக, இடையில் நிற்க நேர்ந்தால் கையில் கிடைப்பது என்ன? டிப்ளமோவா, வெறும் மதிப்பெண் பட்டியலா?

நான்காவதாக, வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால் படித்த பாடங்கள் ஏற்கப்படுமா? ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளுக்குள் மாறுவது எளிது. பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவது கடினம். இக்குறையைத் தீர்ப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் ஒரு மதிப்பெண் வங்கியை ஏற்படுத்தியது. கிரெடிட் எனப்படும் பாட மதிப்புகள் மாணவர் பெயரில் அதில் சேர்த்து வைக்கப்படும். ஏழாண்டு வரை செல்லும். மாணவர் பெயரில் கணக்கு எண் உண்டா, கல்லூரி அதில் மதிப்பெண்களைப் பதிவு செய்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்க. ஆயினும், வங்கியில் இருப்பு இருப்பதனாலேயே எல்லாப் பாடங்களும் ஏற்கப்பட்டுவிடும் என்று எண்ணலாகாது. சேரவிருக்கும் கல்லூரியின் ஒப்புதலை முன்னரே பெறுவது அவசியம்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகியவற்றை நிலப்பத்திரம் போல் பாதுகாக்க வேண்டும். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது, சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டதனால் படிப்பே நின்றுபோன குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

அரசு அளிக்கும் உதவிகள்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஆண் மக்களுக்கு இதே உதவியைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் கோவையில் தொடங்கியது. பட்டப் படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் தொழிற்பயிற்சிக்கும் இவ்வுதவி உண்டு. தொலைதூரக் கல்விக்கு இல்லை. இவ்வுதவியின் சிறப்பு யாதெனில், சேர்ந்த அன்று மொத்தமாகத் தந்துவிடாமல், படிக்கும் காலம் வரை மாதந்தோறும் தருவதாகும். படிப்பு நின்றால் பணமும் நிற்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் உள்ளது.

பனியன் கம்பெனிக் கூலியோடு 1,000 ரூபாயை ஒப்பிட்டால் அது சிறிதே. ஆனால் பஸ் செலவும் புத்தகச் செலவும் தீர்ந்தால், வீட்டில் பணம் கேட்டு நிற்க வேண்டிய நிலை நீங்கும். அந்த ஒரு நிம்மதியே பல பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்தி வைக்கும்.

ஊராட்சி செய்யக் கூடியது

கல்லூரி நடத்துவது ஊராட்சியின் வேலை அன்று. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்க ஊராட்சியைக் காட்டிலும் தகுந்த அமைப்பு வேறில்லை. எந்த வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது ஊராருக்குத் தெரியும். தொலைவில் உள்ள அலுவலகத்திற்குத் தெரியாது.

முதலில் ஒரு பதிவேடு வேண்டும். சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். மாணவர் பெயர், படிப்பு, சேர்ந்த ஆண்டு, முடிக்க வேண்டிய ஆண்டு, நிலுவைப் பாடம், உதவித்தொகை வருகிறதா என ஆறு கலங்கள். குடிபெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களே முதலில் விடுபட்டுப் போகிறவர்கள். பிள்ளைகளின் நிலையைப் பொதுவில் வாசித்து யாரையும் நாணச் செய்தல் கூடாது. மொத்தத் தொகையைச் சபையில் கூறினால் போதும். குறையை வீட்டிற்குச் சென்று பேசலாம்.

அடுத்து, கிராம சபை. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, சனவரி 26 ஆகிய நாட்களில் சபை கூடுவது யாவரும் அறிந்ததே. மே மாதச் சபையில் ஏணிப்படிகளை விளக்கலாம். ஆகஸ்டில் யார் யார் சேர்ந்தனர் என்று பார்க்கலாம். அக்டோபரில் யாரேனும் வகுப்புக்குச் செல்லாமல் நின்றுவிட்டனரா என்று விசாரிக்கலாம். நின்ற இரண்டாம் மாதத்தில் சென்று பேசினால் திரும்புவர். இரண்டாம் ஆண்டில் பேசினால் திரும்புதல் அரிது. சனவரியில் நிலுவைப் பாடம் உள்ளோரைத் தேர்வுக் கட்டணம் கட்டச் செய்யலாம்.

மூன்றாவது, இடம். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் 2006 முதல் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. பூட்டிக் கிடக்கும் நூலகத்தை மாலை நேரத்தில் திறந்து, விளக்கெரிய வைத்து, ஊரில் பட்டம் பெற்ற ஓர் இளைஞரை அமர்த்தினால், அரியர் எழுதுவோர்க்கு அதுவே கல்லூரியாகும்.

நான்காவது, கம்பெனி முதலாளிகளோடு பேசுதல். அவர்களிற் பலர் நம் கிராமங்களிலிருந்தே சென்றவர்கள். தேர்வு நாட்களில் விடுப்பும், மாணவத் தொழிலாளர்க்கு அரை ஷிப்ட் விலக்கும் கேட்பதில் தவறில்லை. அளவு எடுக்கவும், சாயக் கணக்குப் பார்க்கவும், வெளிநாட்டு ஆர்டர்களைப் படித்துணரவும் படித்தவர் வேண்டும் என்பதை அவர்களே நன்கறிவர்.

திருப்பூர் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஐந்தே பேரை இடையில் நிற்காமல் காத்து முடிக்கச் செய்தாலும், மாவட்டத்தில் ஆண்டுதோறும் பல நூறு குடும்பங்களின் தலையெழுத்து மாறும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கவனமும் தொடர்ச்சியும் தேவை.

வாய்க்கால் கரையில் மண்வெட்டியுடன் இரவெல்லாம் காவல் நின்று, உடைப்பை அடைத்துத் தம் முறைத் தண்ணீரைக் கடைமடை வரை கொண்டு சென்றவர்கள் நம் உழவர்கள். அந்த விழிப்பைப் பிள்ளைகளின் படிப்பிலும் காட்டுவோமாக. அடுத்த கிராம சபையில், “இவ்வாண்டு எத்தனை பேர் சேர்ந்தனர்?” என்று கேட்பதோடு நில்லாமல், “மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தனர்?” என்றும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். வேலை அங்கிருந்து தொடங்கும்.